ஒட்டாமல் வாசித்த ரேணுகா

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முரளி போன் செய்தார். "சேகர், ரேணு போயிட்டாப்பா. தூக்கத்துலயே." நுரை வாயோடு "எந்த ரேணு?" என்று கேட்டேன். அவர் மனைவியைத் தவிர வேறு எந்த ரேணுவையும் எனக்குத் தெரியாது. இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

பெங்களூர் ஓசூர் ரோடு ஆபீசில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு ரேணுகாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கத்திக்கொண்டே போன் செய்கிற வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் சமாதானம் செய்து அனுப்புவாரே, அதே ரேணுகா. ஆனால் அவர் கிட்டார் வாசிப்பார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வாசிப்புக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பை என் கெட்டிக்காரத்தனம் கெடுத்தது என்பது ஒருவருக்குமே தெரியாது. இன்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. ஈஜிபுராவில் முரளியும் ரேணுகாவும் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் ஞாயிறுதோறும் பதிவு நடக்கும். எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு இரவல் ஹெட்போன். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று பெட்டியைக் குளியலறைக்குள் வைத்து, ஒயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்திருந்தோம். முரளி குளிக்க வேண்டுமென்றால் என் அனுமதி வேண்டும். "என் வீட்ல நான் குளிக்க இவனக் கேக்கணுமா?" என்று கத்துவார். "ஸ்வல்ப இருங்க, இன்னும் ஒரே டேக்" என்பார் ரேணுகா. அந்த ஒரு டேக் பன்னிரண்டு மணிக்குத்தான் முடியும்.

வாசிப்பது அவர், வெட்டி ஒட்டுவது நான். திரையில் ஓசை அலையலையாகத் தெரியும். பிசிறடித்த இடத்தை வெட்டுவேன், போன வாரம் நன்றாக வந்த துண்டை அங்கே ஒட்டுவேன். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். அவரே இட்டுக்கட்டிய நாலு நிமிட மெட்டு ஒன்றில், அடித்தந்தியில் கனமாக இறங்கும் ஒரு துண்டும், கிட்டார் கழுத்தின் மறுகோடியில் உச்ச சுரத்தில் மின்னுகிற ஒரு துண்டும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தன. இரண்டையும் இடைவெளியே இல்லாமல் சேர்த்துவிட்டேன். கேட்டதும் ரேணுகா, "சக்கத்தா இருக்குடா!" என்று துள்ளினார். ஒரு மனிதக் கை அந்த வேகத்தில் அங்கிருந்து இங்கே போக முடியுமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அதை சிடியில் போட்டு, விளம்பரங்களுக்கு இசை போடுகிற ஒரு ஸ்டுடியோவுக்குக் கொடுத்தேன். பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். ஒரு டிவி தொடரின் முகப்பு இசைக்கு இதே மெட்டு வேண்டுமாம். நானும் வாலாகப் போனேன். "அப்படியே வாசிங்க மேடம்" என்றார் இசையமைப்பாளர். மூன்றாவது நிமிடத்தில், நான் ஒட்டிய அந்த இடத்தில், ரேணுகாவின் கை தடுக்கியது. மறுபடி வாசித்தார், மறுபடியும் தடுக்கியது. மூன்றாம் முறை பாதியிலேயே நிறுத்தி, தந்திகளின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இந்த சிடி நீங்க வாசிச்சதுதானா?" என்று இசையமைப்பாளர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று வாயைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

"எல்லாம் என் கைதான் சார். ஆனா ஒரே மூச்சுல வாசிக்கல. ஒட்டினது. வாசிச்சுப் பாக்காமயே குடுத்துட்டேன், தப்பு என்னோடது." என் பேரை ரேணுகா இழுக்கவே இல்லை.

திரும்பும்போது அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். "பிடு சேகர், விடு. காதுல காத்து அடிக்குது, ஒண்ணும் கேக்கல. பசிக்குது, தோசை சாப்பிடலாம்" என்றார். இரண்டாவது தோசையில்தான் விஷயத்துக்கு வந்தார். "அந்த எடத்த நான் வாசிக்கத்தான் போறேன். அதுக்கப்புறம் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. கை போற எடத்துக்குத்தான் மவுஸ் போகணும்."

நாலு மாதம் பிடித்தது. தினமும் ஆபீசுக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் அந்த ஒரு இடத்தோடு மல்லுக்கட்டினார். பிறகு ஒரு ஞாயிறு கூப்பிட்டு அனுப்பினார். பழக்க தோஷத்தில் மவுஸிடம் போனேன். "அதத் தொடாத. ஒக்காந்து கேளு."

அடித்தந்தியின் சுருதியைக் கொஞ்சம் இறக்கியிருந்தார். அந்த இடம் வந்ததும் அதை அழுத்தாமல், வலது கையால் மட்டும் மீட்டி ஒலிக்க விட்டார். அது முழங்கிக்கொண்டிருக்கும்போதே இடது கை அவசரமில்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது. நான் அடைத்து வைத்திருந்த இடத்தில் அவர் மூச்சு விட இடம் செய்திருந்தார். மெட்டே வேறாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா இல்லையா?" என்று பயந்து போய்க் கேட்டார் அந்தப் புண்ணியவதி.

மறுநாள் அவரே ஸ்டுடியோவுக்குப் போன் செய்து பத்து நிமிடம் கேட்டு வாங்கி, போய் வாசித்துக் காட்டினார். தொடர் வேறொருவருக்குப் போயிருந்தது. ஆனால் அடுத்த வேலைக்கு இவரைத்தான் கூப்பிட்டார்கள், அதற்கடுத்ததற்கும். டிவியில் எத்தனையோ விளம்பரங்களில் ரேணுகாவின் கிட்டாரை, அவருடையது என்று தெரியாமலே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இந்த மெட்டை மட்டும் திரும்பப் பதிவு செய்யவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "பண்ணலாம், எங்க ஓடிடப் போகுது?" என்பார்.

வரும் ஞாயிறு நாம் கூடும்போது ரேணுவின் வாசிப்பைப் போட வேண்டும் என்கிறார் முரளி. இந்த மெட்டுக்கு என்னிடம் இருப்பது அந்தப் பழைய சிடி ஒன்றுதான். போடுங்கள் முரளி, சத்தமாகவே போடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் மட்டும், நம்ப முடியாத வேகத்தில் ஒரு தாவல் வரும். அதற்கு யாரும் கைதட்ட வேண்டாம், அது என் ஒட்டு வேலை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். மீதி எல்லாம் ரேணுகா.