கோழிக்கூட்டுக்குப் பூட்டுப் போட்ட நாட்கள்

அந்தத் தாரா வாத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தவள் நான்தான். இன்றைக்கு எனக்கே ஒரு பிள்ளை இருக்கிறது, இனி யாரும் அடிக்கப் போவதில்லை என்ற துணிச்சலில் சொல்கிறேன்.

மழை ஓயும் காலத்தில் மாம்புரிக் களப்புத் தண்ணீர் நிறையக் காட்டுத் தாராக்கள் வந்து இறங்கும். குளிர் தேசத்திலிருந்து பறந்து வருகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்பது வயதுக்காரிக்கு அது போதாதா? ஒருநாள் பள்ளி விட்டு வரும் வழியில், சேற்றோரம் ஒரு தாரா தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த விருந்தாளியை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. பர்தாவில் சுற்றி எடுத்து வந்து, யாரும் காணாமல் உம்மாவின் கோழிக்கூட்டுக்குள் விட்டேன். கோழிகளின் தண்ணீர்ச் சட்டியிலேயே அதற்கும் தண்ணீர் காட்டினேன். விடிந்து பார்த்தால் தாரா மவுத்து. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, தெரிந்த குர்ஆன் சூரா ஒன்றையும் ஓதிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் தின்னப் போனேன்.

நாலாம் நாள் இரண்டு பேட்டுக் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. பகலுக்குள் இரண்டும் செத்துவிட்டன.

கேள்விப்பட்டதும் மாமா கத்தியோடு வந்துவிட்டார். அவர் உம்மாவின் தம்பி; உம்மாவை ராத்தா என்று கூப்பிடுவார். ஊரில் எந்தக் கோழி தும்மினாலும் அவர் கத்தி தீட்டத் தொடங்கிவிடுவார். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் ஹலால், தானாகச் செத்தால் இறைச்சி வீண். அதனால் நோய்க் கோழியைச் சாகுமுன் அறுத்து அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

"ராத்தா, மிச்சத்தையும் இப்பவே அறுப்பம். பத்து வீட்டுக்குக் குடுக்கலாம்," என்றார்.

"கத்திய உள்ள வை. பறவைக் காய்ச்சல் எண்டு டீவியில சொல்றாங்க. மிருக டொக்டருக்குப் போன் எடுத்திட்டன்."

"உங்களுக்கென்ன விசரா? அவங்க வந்தா எல்லாத்தையும் சாக்காட்டிப் போடுவாங்க!"

"அதுக்காகப் பத்து வீட்டுக்கும் வருத்தத்தப் பங்கு வைக்கிறதா?" என்று கேட்டார் உம்மா.

டொக்டர் ஒரு இளம் சிங்களப் பெண். சப்பாத்தும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தார். வெளியிலிருந்து ஏதாவது பறவை கூட்டுக்குள் வந்ததா என்று கேட்டார்.

"அல்லாஹ்மேல சத்தியமா இல்ல. என்ட கூட்டுக்குள்ள ஈ கூட என்னைக் கேக்காமப் போகாது," என்றார் உம்மா.

என்னால் உம்மாவின் சத்தியம் பொய்யாகிறதே! ஓவென்று அழுதுகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உம்மா என்னைப் பார்த்த பார்வையில், டொக்டரின் வாகனத்திலேயே ஏறிப் போய்விடலாம் போலிருந்தது.

டொக்டர் என் முன்னால் குந்தினார். "நங்கி, தங்கச்சி, சொன்னது நல்லம். காட்டுத் தாராக்கு இந்தக் கிருமி இருந்தாலும் சில நேரம் ஒண்டும் காட்டாது. ஆனா எச்சத்தில வெளிய வந்து தண்ணியில கலக்கும். அந்தத் தண்ணியக் கோழி குடிச்சாப் போதும், ரெண்டு மூணு நாளில கூடே காலி." பிறகு மாமாவைப் பார்த்தார். "அறுத்தா ரத்தம், இறகு, கை எல்லாத்திலயும் கிருமி. பங்கு போற வீட்டுக் கோழிக்கும் போகும், மனிசருக்கும் வரலாம். செருப்பில ஒட்டினாலே ஊர் முழுக்கப் போகும்."

மாமா கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நான் சூரா ஓதிப் புதைத்த தாராவையும் தோண்டி எடுத்தார்கள். கோழிகளின் வாயிலும் பின்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டார்கள். முடிவு வரும்வரை ஒரு கோழியும் வெளியே வரக்கூடாது. பறவைக் காய்ச்சல்தான் என்றால் அடைகாக்கும் பேடு உட்பட எல்லாவற்றையும் கொன்று புதைப்பார்கள். உம்மா கூட்டுக்குப் பூட்டுப் போட்டார்.

எனக்கு அடி விழவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. உம்மா என்னை மறந்துவிட்டார். தீனி போடும் நேரம் தவிர, ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் போய்க் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே கோழிகள் கத்த, வெளியே அவர் அழுவார். ஒரு நாள் திறப்புச் சாவியைப் பூட்டுக்குள் போட்டே விட்டார்.

"உம்மா, டொக்டர் வேணாமெண்டவ," என்றேன்.

திறப்பை உருவி என் கையில் தந்துவிட்டு, "இத என்னட்டக் குடுக்காத," என்றார். கோழிக்காக இப்படியுமா அழுவார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பூட்டுக்குள்ளேயே அடைக்கு இருந்த பேடு ஆறு குஞ்சு பொரித்தது. வேறு எதுவும் சாகவில்லை. இன்னும் சில நாளில் டொக்டரே வந்தார். தாராவிலும் கோழிகளிலும் பறவைக் காய்ச்சல் இல்லையாம். இது கோழிகளுக்கு வழமையாக வரும் வேறு வருத்தமாம். மிஞ்சிய கோழிகளுக்கு மருந்து போட்டுவிட்டு, "இப்ப திறக்கலாம்," என்று சிரித்தார்.

நான் திறப்பைக் கொடுத்தேன். உம்மா கதவை அகலத் திறந்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சேவல் பாய்ந்து வந்தது, பேடுகள் வந்தன, குஞ்சுகள் அவர் காலில் ஏறி இறங்கின. "இந்த முறை திறந்திட்டன், தம்பி," என்றார் மாமாவிடம். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கும் மாமா, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏனென்று மாமா சொல்லும்போது எனக்குக் கலியாணம் முடிக்கும் வயதாகிவிட்டது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் முஸ்லிம் ஆட்களை எல்லாம் ஆயுத இயக்கக்காரர் ஒரே நாளில் வெளியேறச் சொன்னபோது உம்மாவுக்கும் ஒன்பது வயதுதானாம். காலையில் கோழிக்கூட்டைத் திறந்துவிடுவது அவருடைய வேலை. அன்றைக்கு மூட்டை கட்டும் அவசரத்தில் மறந்துவிட்டார். பாதி வழியில்தான் ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பிப் போக விடுங்கள் என்று கதறினாராம். யார் விடுவார்கள்?

அன்றைக்கு எனக்கு இதெதுவும் தெரியாது. அடி தப்பிய சந்தோஷத்தில் குஞ்சுகளை எண்ணிக்கொண்டே, "இந்த முறையா? முந்தி எப்ப உம்மா பூட்டின நீங்க?" என்று கேட்டேன்.

உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்க் குருணல் அள்ளிக்கொண்டு வா, புள்ள. குஞ்சுகளுக்குப் பசிக்கும்," என்றார்.

ஓடினேன்.