அலோர் ஸ்டாருக்கு ரத்தம் கொடுக்கப் போன கதை

எச்.ஐ.வி. சோதனைக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது எண்பதுகளின் கடைசியில். புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். பிள்ளை வரம் வேண்டி, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுத்தேன். ஒரே தட்டுக் கொக்கிகள்தான் ஆள் மாற்றி ஆள் போகும். நடுவில் எலுமிச்சைச் சாற்றில் ஒரு முக்கு, கொஞ்சம் திருநீறு, அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து வானொலியில், ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குக் குத்தினால் எய்ட்ஸ் பரவும் என்றார்கள். ஊசி என்றால் கொக்கியும் சேர்த்தியா? எலுமிச்சைக்குக் கிருமி சாகுமா? யாரிடம் கேட்பது? எனக்கு வந்திருந்தால் என் மனைவி சரசுவுக்கும் கொடுத்திருப்பேனே என்று நடுங்கிப்போனேன்.

அப்போதுதான் அந்த மேதாவி யோசனை. தானம் கொடுக்கும் ரத்தத்தைச் சோதிப்பார்களாம். கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது, யாருக்கும் தெரியாது!

பக்கத்து டவுன் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் தெரிந்த முகம். அதனால் தூரத்து ஊரான அலோர் ஸ்டார். காலை ஆறரைக்கு பஸ், சுங்கை பட்டாணிக்கு எண்பது காசு, அரை மணி நேரம். அங்கிருந்து நாலு பேர் சேர்ந்து போகும் டாக்சியில் ஆளுக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"ஆஸ்பத்திரிக்கா தம்பி? யாரு படுத்திருக்கா?" என்றார் டாக்சிக்காரர்.

"மாமாண்ணே."

"என்ன சீக்கு?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாதி வழியில் குருண் ஊரைத் தாண்டுவதற்குள் இல்லாத மாமாவுக்கு மூன்று வியாதி ஆகிவிட்டது.

ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு தமிழ் மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், மலாய் மொழியில் இருந்த ஃபாரத்தைப் படித்துக் கேள்வி கேட்டார். ஊசி ஏதாவது குத்தினீர்களா என்றதும் உளறிக் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடினார்.

"சோதிக்கணும்னா டாக்டர்கிட்ட போங்கண்ணே, இங்க வராதீங்க லா. கிருமி ஏறுன புதுசுல டெஸ்ட்ல தெரியாது. நல்ல ரத்தம்னு நெனச்சு, பிள்ளை பெத்து ரத்தம் போன பொம்பளைக்கு ஏத்திட்டா?"

அந்தப் பெண்ணைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அங்கேயே டாக்டரிடம் போனேன்; அவர் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். முடிவு இரண்டு வாரத்தில் வரும், ஆனால் நல்லபடி வந்தாலும் நம்பக்கூடாது, திருவிழா நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி வா, அதுவரை ஆணுறை இல்லாமல் மனைவியுடன் சேராதே என்றார். நல்லபடி வந்தாலும் நம்பக்கூடாத முடிவு எதற்கு? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வழி முழுக்கக் குழம்பிக்கொண்டே வந்தேன். பிள்ளைக்குக் காவடி எடுத்தவன், சட்டைப் பையில் ஆணுறையோடு வீட்டுக்குப் போகிறேன்.

சரசு கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். கத்துவாள், அழுவாள் என்று நின்றேன்.

"அதே தட்டுலேர்ந்துதானே எனக்கும் நாக்குல வேலு குத்துனாங்க?" என்றாள். "என்னை ஏன் கூட்டிட்டுப் போவல?"

அவள் நாக்கில் வேல் குத்தியபோது பக்கத்தில் நின்று வேல் வேல் என்று கத்தியவன் நான்தான். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று ஓடியவனுக்கு அவளே ஞாபகம் இல்லை.

முதல் முடிவு நல்லபடிதான் வந்தது, ஆனால் நம்பவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் சேர்ந்து போனோம். முடிவு வரும்வரை இரண்டு வாரம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இருவருக்கும் கிருமி இல்லை.

இப்போது அரசாங்கக் கிளினிக்கிலேயே சோதிக்கலாம். எத்தனை நாள் கழித்து வரும் முடிவை நம்பலாம் என்று அங்கேயே கேளுங்கள். சோதனைக்காக ரத்ததானத்துக்குப் போகாதீர்கள். அலகு குத்துவதென்றால் ஆளுக்குப் புதுசு வேண்டும், எலுமிச்சையை நம்பாதீர்கள். கிளம்புமுன், டிக்கெட் ஒன்றா இரண்டா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.