ஒட்டாத நீலம்

சாயப்பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் நீலி. நீலத் தொட்டி அவள் பொறுப்பு. முழங்கை வரை நீலம், நகக்கண்ணில் நீலம், மூக்கைச் சொறிந்தால் மூக்கிலும் நீலம்.

வாயைத் திறந்தாலே பட்டறையைச் சிரிக்க வைக்கும் அந்தப் பெண், சட்டைக்குள் ஒரு நரகத்தைச் சுமந்துகொண்டிருந்தாள். முழங்கையிலும் முதுகிலும் கொத்துக் கொத்தாய்ச் சிறு கொப்புளங்கள். உயிரைப் பிடுங்கும் அரிப்பு. சீப்பை எடுத்து ரத்தம் வரும்வரை சொறிவாள். வீட்டில் அவளும் பள்ளி முடிக்கப்போகும் மகளும் மட்டும்தான். அந்த மகள் ஒருநாள் தன் கட்டிலை எதிர்ச்சுவர் வரை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் ஒட்டிக்கும்மா."

நீலி கண் கலங்கினாள்.

"போதும்மா, உன் பேருக்கேத்த மாதிரி நீலிக்கண்ணீர் வடிக்காத!"

கொப்புளத்தைவிட அந்தச் சொல்தான் எரிந்தது.

தோல் டாக்டர் துளி சதையைக் கிள்ளிச் சோதித்தார். "இது சாயத்தால வந்ததில்லம்மா. எங்கயோ ஒருத்தருக்கு வர்ற வியாதி. யாருக்கும் ஒட்டாது" என்று மாத்திரை எழுதினார். "அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை ரத்தத்தையே கெடுத்துடும். அப்பப்ப ரத்தம் பார்க்க வரணும். உதடு நீலமாச்சுன்னா அன்னிக்கே ஓடி வாங்க."

நீலி சிரித்துவிட்டாள். "நான் என்னிக்கு சார் நீலமா இல்ல?"

மருந்துக்கடைக்காரர் மாத்திரையை நீட்டும்போது, "இது குஷ்டத்துக்கும் குடுக்கறதாச்சே" என்றார். அவ்வளவுதான். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை மகளிடம் சொல்லக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பட்டறைக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று மாத்திரைகளைப் பவுடர் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். ரத்தம் பார்க்கவும் போகவில்லை; வரிசையில் யாராவது பார்த்துவிட்டால்?

சில நாளிலேயே அரிப்பு அடங்கியது. தோல் ஆறியது. மகளின் கட்டில் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தது. ஒரு விடியலில் தன் இடுப்பின்மேல் மகளின் கை கிடப்பதைப் பார்த்தவள், அசைந்தால் அது போய்விடுமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

பிறகு அந்த மூச்சே வாங்கத் தொடங்கியது. தலை பாரமாய் வலித்தது. உதடு நிறம் மாறியது.

"ஏண்டி நீலி, தாகத்துக்குச் சாயத்தைக் குடிச்சிட்டியா?" என்று பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சோப்புப் போட்டு உதட்டைத் தேய்த்தாள். போகவில்லை. அழுத்தமான சாயம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நண்பகலில் தொட்டியோரம் சுருண்டு உட்கார்ந்தாள். நூல் அலசும் அக்கா ஓடி வந்தாள். ஈரமான வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அந்த அக்காவின் வேலை. கையில் இருந்த துணியாலேயே நீலியின் உதட்டைத் துடைத்தாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். அப்போதும் வெள்ளை. அக்காவின் முகம் வெளிறியது.

"அடிப்பாவி! சாயம்னா ஒட்டணுமேடி! இது உள்ளேருந்து வருதுடி!"

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் பழைய டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கிடந்தவளிடம் நர்ஸ் ஊசியோடு வந்தாள். ஊசி நிறைய அடர் நீலம்.

"இங்கயும் நீலத் தொட்டிதானா?" என்று முனகினாள் நீலி.

"முள்ளை முள்ளாலதான எடுக்கணும்" என்றார் டாக்டர். "உங்க ரத்தத்தை இதுதான் மீட்கும். ஆனா அந்த மாத்திரையை இனிமே தொடவே கூடாது."

நீலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உதடு நீலமாவே இருந்துட்டுப் போகட்டும் சார். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. எம்பொண்ணு மறுபடியும் கட்டிலைத் தள்ளிப் போட்டுடுவா."

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த மகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உதடு சிவந்து நீலி வீடு திரும்பினாள். மாற்று மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யுமாம். அதற்குள் கொப்புளங்கள் முந்திக்கொண்டன. ஒரு மாலையில் சீப்பைத் தேடி அவள் தடவியபோது, அறைக்குள் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மகளின் கட்டில் அவள் கட்டிலில் இடித்து நின்றது.

மகள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அவள் முழங்கையில் ஒற்றினாள்.

"வேணாம்டி. ஒட்டிக்கும்னு சொன்னியே..."

"ஒட்டினா ஒட்டட்டும் போம்மா."

துணியில் லேசாய் ரத்தம் ஒட்டியது. மகள் கையை எடுக்கவில்லை.