அக்கா ஸ்பானிய மொழியில் சொன்னது

பருத்தித்துறையில் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, கனடாவின் மொன்றியலில் கண்மூடினார். அவரது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் உங்கள் கைகளுக்கு வரும் இந்நினைவு மலரில், தம்பியாகிய நான் சிலவற்றை எழுதுகிறேன்.

உள்ளூராட்சித் தேர்தலில் வென்ற அன்று மாலையே எங்கள் தந்தையான ஐயா வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் யாரென்று இன்றும் தெரியாது. அப்போது அக்கா பள்ளி மாணவி. அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் அரசியல் பேசியதில்லை.

இங்கு வந்த அக்கா, முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்துகொண்டே படித்து, அரசியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளில் பலர் குடியுரிமை பெற்ற பின்னும் ஏன் வாக்களிப்பதில்லை என்பதே அவரது ஆய்வு. அதற்காக ஸ்பானிய மொழி கற்று, குடியேறிகள் நிறைந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதி மாடிவீடுகளில் பனிக்காலத்திலும் வீடுவீடாக ஏறி இறங்கினார். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. தவணைக்குத் தவணை ஒப்பந்தத்திலேயே கற்பித்தார்.

"எங்கட சனத்தைப் பற்றி ஏன் பிள்ளை எழுதேல்லை?" என்று மாமா ஒருமுறை கேட்டார்.

"அவையிட்டை என்னாலை கேக்கேலாது மாமா," என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்விட்டார். போர்நிறுத்த காலத்தில் உறவினர் பலரும் ஊருக்குப் போய்வந்தபோதும் அவர் போகவில்லை.

புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்த நாட்களில், ஆய்வின்போது பழக்கமான மார்த்தா என்ற எல் சல்வடோர் நாட்டுப் பெண் சூப்போடு வருவார். இருவரும் ஸ்பானிய மொழியில் பேசுவது எங்களுக்கு விளங்காது. தகனம் முடிந்த பின் மார்த்தா என்னிடம் பிரெஞ்சில் சொன்னார்:

"வாக்குப் போடமாட்டேன், வாக்குப் போட்டதற்காகத்தான் ஊரில் என் கணவரைக் கொன்றார்கள் என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அழுதார். அப்பாவைக் கொல்ல வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது தான்தான் என்றார். வாழ்த்த வந்தவர்கள் என்று நினைத்தாராம்."

ஒரே வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்தும் எங்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை.

இதை மலரில் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எழுது ராசா," என்றார் அம்மா. "குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிண்டபடி, 'ஆரோ வந்திருக்கினம், கதவைத் திற பிள்ளை' எண்டு சொன்னது நான். அதையும் எழுது."

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், அவரது மாணவர்களுக்கும், துயரில் தோள்கொடுத்த உறவினருக்கும் எங்கள் நன்றி. மார்த்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா அதை வாய்விட்டுச் சொல்லக் கேட்டவர் அவர் ஒருவரே.