பஸ்ஸில் வந்தால்தான் செல்லுபடியாகும்

சர்வர் பார்க்கிற சக பாவிகளே, கல்யாணத் தரகர் இரண்டு வீட்டைச் சேர்த்து வைத்தால் போதும். நாம் ஒன்றையொன்று துளிகூட நம்பாத மெஷின்களைச் சேர்த்து வைக்கணும், அதுவும் கமிஷன் இல்லாமல்.

2011 வாக்கில் நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தேன். நாகர்கோவில், குலசேகரம், கொட்டாரம் என்று மூன்று கிளை, மூன்று சர்வர். ரிப்போர்ட் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கணும். 'நான் இன்னார்' என்று சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டாத சர்வரை மற்ற இரண்டும் வாசலிலேயே நிறுத்திவிடும். அந்தச் சான்றிதழைச் செய்து விநியோகிப்பது நான்.

மூலைக் கம்ப்யூட்டர்

சான்றிதழ் செய்கிற கம்ப்யூட்டரை நான் எந்த ஒயரிலும் சேர்க்கவில்லை. திருடன் நுழையக் கூடாதே! டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அக்கா மேஜைப் பக்கத்து மூலையில் அது தனியாக உட்கார்ந்திருந்தது. அக்கா தினமும் மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள். ஆனாலும் அதைத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்புவாள். "ஏட்டி, ஒருத்தனையும் அண்ட விடமாட்டேன். நீ பேசாம இரி."

மரியாதைக்காரச் சர்வர்

முதல் சான்றிதழைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு மெஷினிலிருந்து கொட்டாரத்துக்கு அனுப்பினேன். மற்ற சர்வர்கள் ஏற்கவில்லை. ஏன் என்று கேட்டால் 'ஏற்க முடியாது' என்பதோடு சரி. போ சனியனே என்று பென் டிரைவோடு பஸ் ஏறினேன். அங்கே போய் அதே சான்றிதழை மறுபடி போட்டேன், உடனே சேர்த்துக்கொண்டன! குலசேகரத்திலும் அதே கதை. கொட்டாரம் கிளையைப் பார்த்துக்கொண்ட சேவியர் அண்ணனுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. "மக்கா, ஒயர்ல அனுப்பினா என்ன மரியாதை? நேர்ல வந்து விளிச்சாத்தானே சேரும்."

முதலாளி முன்னால்

வருஷம் முடிந்தது, சான்றிதழ்களைப் புதுப்பிக்கணும். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கு ஒயரில் போகாவிட்டால் நாளை முதல் சென்னைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீ வீட்டில் இரு என்றார். தம்பி என் சம்பளத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அனுப்பினேன். ஏற்கவில்லை. புதிதாகச் செய்து அனுப்பினேன். ம்ஹூம். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அக்கா பையைத் தூக்கினாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலேகால்தானே ஆகுது?" என்றார். அக்கா மூலைக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். அதில் நாலே முக்கால். "நான்தான் சார் அரை மணிக்கூர் கூட்டி வச்சேன். சரியான மணியப் பாத்து எறங்கினா எனக்கு பஸ் கிட்டாது."

பஸ் போச்சு

ஐயோ கடவுளே! அந்த மணியை நம்பி, சான்றிதழ் அரை மணி நேரம் கழித்துத்தான் செல்லும் என்று எழுதியே பிறந்திருக்கிறது. சரியான மணி வைத்திருந்த சர்வர்கள் பாவம், நியாயமாகத்தான் மறுத்திருக்கின்றன. கொட்டாரத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அரை மணி கழிந்திருக்கும், அவ்வளவுதான். மணியைத் திருத்தி, புதுச் சான்றிதழ் செய்து அனுப்பினேன். மூச்சு விடுவதற்குள் ஏற்றுக்கொண்டன. முதலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். வேலை தப்பியது. மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள் அக்கா. "ஏட்டி, உனக்க சர்வர் சேந்துச்சு, எனக்க பஸ்சு போச்சு."

மூன்று சர்வர்களிடமும் 'நீ யார், நீ யார்' என்று வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து மேஜையில் ஒரு தடவை 'மணி என்னக்கா?' என்று கேட்கத் தோன்றவில்லை.