முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே

உள்ளறையில் எவர்சில்வர் தட்டில் வளையல்கள் விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, நிதானமாக. விஸ்வேஸ்வரன் பத்திரிகையை மடித்து வைத்தார். கைக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மனைவி கழற்றுகிறாள் என்றால் அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை டியூட்டி என்று அர்த்தம். ஒற்றை வளையல் சத்தம் போடாது. மோதிக்கொள்ள அதற்குத் துணை கிடையாது.

"எழுதிண்டிருக்கற கொழந்தை காதுல வளைச் சத்தம் விழப்படாது. ஒரு வரி மறந்துபோனா அதை யாராக்கும் திருப்பித் தரது?" என்பாள் அனந்தலக்ஷ்மி.

மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். ஐம்பதைத் தாண்டியவள். மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் வேறொருத்தியாகிவிடுவாள். கஞ்சி போட்ட புடவை மொடமொடக்கும் என்று பழைய வாயில் புடவைகள் வெளியே வரும். தோல் செருப்பு உள்ளே போய் ரப்பர் செருப்பு வரும். வாசனை கவனத்தைக் கலைக்குமாம், தலையில் பூ இல்லை. தொண்டை கமறினால் இருமக் கூடாதென்று முந்தானை முடிச்சில் கல்கண்டு. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'பூச்ச டீச்சர்'. பூனை பின்னால் வந்து நின்றால்கூடத் தெரிந்துவிடும், இந்த டீச்சர் வந்து நிற்பது தெரியாது என்று மலையாளத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதம் முழுவதும் சத்தம் போட அனுமதி உள்ளது வாசல் கதவுக்கு மட்டும்தான். பரீட்சை முடியும்வரை எந்தப் பெற்றோரும் அவள் படியேறக் கூடாது. தெரியாமல் வந்துவிட்டவர்களிடம், "பரீட்சை கழிஞ்சு வாங்கோ" என்று ஒரே வாக்கியம் சொல்லிக் கதவைச் சாத்துவாள். பிறகு தாழ்ப்பாளை இழுப்பாள். உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள் அது. அதன் கிறீச்சொலி தெருமுனைவரை கேட்கும். கேட்கட்டும் என்றுதான் இழுப்பாள். பஜார் ரோட்டில் மிளகுக் கம்பெனி ஒன்றில் காலமெல்லாம் கணக்கெழுதி ஓய்வுபெற்று, முட்டிவலியோடு பக்கத்து அறைக் கட்டிலில் கிடக்கும் விஸ்வேஸ்வரனுக்கு மனைவியின் மனநிலையைக் காதால் அறிவது பழகிவிட்டது.

நெருங்கிய சொந்தம் எழுதுகிற மையத்தில் மேற்பார்வைக்கு நிற்கக் கூடாது என்பது விதி. மகன் வெங்கிடேஷ் பத்தாவது எழுதிய வருஷம் அவள் தானே கேட்டுக் கும்பளங்கிப் பக்கம் டியூட்டி வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் போய் வந்தாள். அதோடு நிறுத்தினாளா? 'எப்படி எழுதினாய்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவள் சுவரைப் பார்த்துப் பரிமாறினாள். இன்றைக்கும் பெங்களூரிலிருந்து பேசும்போது அவன் கேலி செய்வான்: "பத்தாங்கிளாஸ் எழுதறச்சே நேக்கு அம்மா லீவுல போயிருந்தா." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் பாத்திரம் தேய்ப்பாள்.

சமூக அறிவியல் பரீட்சையன்று மத்தியானம் வீடு திரும்பியவள் வளையல் தட்டைத் தொடவில்லை. சோற்றில் மோரை ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை அறைக்குள் நடப்பதை வீட்டில் பேசுகிற வழக்கமே அவளிடம் இல்லை. அன்று பேசினாள்.

அவளைத் தனி அறையில் போட்டிருந்தார்கள். பரீட்சை எழுதுகிற பெண் வசந்தி. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பூக்காரி பேச்சியின் மகள். படித்ததெல்லாம் மலையாள மீடியம். குழாயடியில் வழுக்கி வலது மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டோடு வந்திருந்தாள். டாக்டர் சான்றிதழ் கொடுத்து, அவள் சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுத அனுமதி வாங்கியிருந்தார்கள். அப்படி எழுதிக்கொடுப்பவள் கீழ்வகுப்பில் படிப்பவளாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்பு ஷபானா வந்தாள். வசந்தியின் பக்கத்துவீட்டுப் பெண்.

முதல் கேள்விகள் ஒழுங்காகப் போயின. பெரிய கேள்வி வந்ததும் வசந்தி கண்ணை மூடிக்கொண்டு சரளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். தமிழில். அவளுக்கே அது தெரியவில்லை. கூடவே வளர்ந்த ஷபானாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவள் தயங்காமல் அதை நல்ல மலையாளமாக்கி எழுதிக்கொண்டே போனாள். வேறு யார் அங்கே நின்றிருந்தாலும் என்ன நடக்கிறதென்று பிடிபட நேரமாகியிருக்கும். நின்றது அனந்தலக்ஷ்மி. தமிழ் அவள் வீட்டுப் பேச்சு.

சொல்வதைத்தான் எழுதலாம், மாற்றி எழுதக் கூடாது. பேனாவைக் கீழே வைக்கச் சொன்னாள். எழுதியிருந்த விடையின் குறுக்கே கோடு போடச் சொன்னாள். வசந்தியை மலையாளத்தில் சொல்லச் சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் வாய் பூட்டிக்கொண்டது. மீதி நேரமெல்லாம் துண்டு துண்டாக நாலு வார்த்தை. இடையிடையே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டிக்குப் பதில் தெரிஞ்சிருந்ததா?" என்று கேட்டார் விஸ்வேஸ்வரன்.

"தெரிஞ்சிருந்தது. நன்னாவே தெரிஞ்சிருந்தது. அதாக்கும் நேக்குத் தாங்கலை."

விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. கட்டிலில் படுத்திருந்த விஸ்வேஸ்வரனின் காதுக்கு முதலில் குரல் வந்தது, "டீச்சரம்மா, நான் வசந்தியோட அம்மை" என்று. பின்னாலேயே மல்லிகை வாசம் வந்தது. பிறகு அவர் எதிர்பார்த்த வாக்கியமும் வந்தது: "பரீட்சை கழிஞ்சு வாங்கோ."

"இனி என்ன பரிச்ச? அவதான் போவ மாட்டேங்காளே" என்றாள் பேச்சி. "அந்தக் கோடு போட்டத நெனச்சு நெனச்சு அழுதா. நானும் சொல்லிப் பாத்துட்டேன். புதங்கெழம பரிச்சைக்கு உசுரே போனாலும் வர மாட்டாளாம்."

கதவு சாத்தப்படவில்லை. ஆனால் திறக்கப்படவும் இல்லை. அந்த இடைவெளியில் நின்றபடியே பேச்சி சொல்லிக்கொண்டு போனாள்.

"எம்புள்ள மேல தப்பில்ல டீச்சரே. எனக்குப் படிப்பு கெடையாது. நான் பூக் கட்டுவேன், அவ எதுத்தாப்புல உக்காந்து அன்னைக்குப் படிச்சத எனக்குத் தமிழ்ல கதை கணக்காச் சொல்லுவா. அப்படிச் சொன்னாத்தான் அவளுக்கு மனசுல நிக்கும். எழுதும்போது கை தானா மலையாளத்துல எழுதிரும். இப்பம் கை இல்ல, வாயிதான இருக்கு? வாய்க்கு அம்மைட்ட பேசுன பேச்சுதான வரும்?"

ஷபானா மாற்றி எழுதுவதைப் பார்க்காததுபோல் இருந்துவிடக் கூடாதா என்று அவள் கேட்டாள். அனந்தலக்ஷ்மி முடியாது என்றாள். இன்று தான் கண்ணை மூடிக்கொண்டால் நாளைக்கு அடுத்தவளுக்காக எழுத வருகிற எவளும் தன் பதிலையே எழுதிவைக்கலாம் என்றாள்.

"ரூல் ரூலாக்கும். போட்ட கோட்டை என்னால எடுக்க முடியாது."

"ரூலு எழுதினவிய வீட்டுல யாரும் பூக் கட்டிக்கிட்டே பாடம் கேட்டிருக்க மாட்டாவ" என்றாள் பேச்சி. குரலில் கோபம் இல்லை. அதுதான் விஸ்வேஸ்வரனை எழுந்து உட்கார வைத்தது.

வெளியே ஒரு ஆட்டோ போயிற்று. இதோ, தாழ்ப்பாள் இழுபடப் போகிறது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கேளுங்கோ" என்றாள் அனந்தலக்ஷ்மி. அவர் இதுவரை அந்த வாசலில் கேட்டிராத தணிந்த குரல். "மொதல் மணி அடிச்சதும் கேள்வித்தாள் குடுப்போம். ரெண்டாவது மணி வரைக்கும் கால் மணி நேரம் கூல் ஆஃப் டைம்னு பேர். அப்போ எழுதப்படாது, வாசிக்கத்தான் செய்யலாம். பெரிய ஹால்ல வாயத் தொறந்தா அடுத்த குட்டிக்கு இடைஞ்சல். எங்க அறையில அடுத்த குட்டியே இல்லை. ஷபானா கேள்வியை வாசிக்கட்டும், பேனாவைத் தொட வேண்டாம். உங்க மக கண்ணை மூடிண்டு, நீங்க எதிர்ல உக்காந்து பூக் கட்டறதா நெனைச்சுண்டு, பதிலைத் தனக்குத்தானே தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். அதைத் தடுக்க ரூல் கெடையாது. மணி அடிச்சப்பறம் மலையாளத்துல சொல்லணும். கை முடியாதவாளுக்கு அதிகப்படி நேரம் உண்டு, அவசரமே வேண்டாம்."

"மணி அடிச்சதும் மறுபடி தமிழ் வந்துட்டுன்னா?"

"நடுவுல ரெண்டு ராத்திரி இருக்கே. ஆத்துல மொதல்ல உங்ககிட்ட சொல்லட்டும். சொல்லி முடிச்ச கையோட அதையே ஷபானாகிட்ட மலையாளத்துல சொல்லிப் பழகட்டும்."

பேச்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாழையிலை சலசலத்தது, பூவை நீட்டினாள் போலிருக்கிறது. வேண்டாம் என்றாள் அனந்தலக்ஷ்மி. பரீட்சை கழியட்டும் என்றாள்.

"அப்பம் அன்னைக்குக் கொண்டாறேன். தலையில வச்சிக்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சி படியிறங்கினாள். செருப்பொலி தெருவில் தேய்ந்து போயிற்று.

கதவு சாத்தப்பட்டது. விஸ்வேஸ்வரன் கிறீச்சொலிக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

உள்ளே ஒரு குழந்தை எழுதிக்கொண்டிருக்கிற அறையைச் சாத்துவதுபோல், இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்து, துருவில் உரசாமல், மெல்ல மெல்ல அதை நகர்த்திக்கொண்டிருந்தாள் அனந்தலக்ஷ்மி.