மிராசுதார் தூக்கிய குடம்

இன்று மெக்கானிக் என் பழைய காரின் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில், பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. "தண்ணி கலந்துடுச்சுங்க மேடம். இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போச்சு" என்றார்.

குச்சியிலிருந்து வந்த தீய்ந்த வாடையில், மன்னார்குடி சாலையில் இன்று பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில் அப்பா நடத்திய கீற்றுக் கொட்டகைப் பட்டறை எழுந்து வந்தது. அன்று எங்கள் ஊர் மிராசுதாரின் காரிலும் இதே நிறம்தான். கூடுதல் கூலி கேட்டு ஊரே அவர் வயல்களில் நடவை நிறுத்தியிருந்த சமயம்; டிரைவரும் வராததால் தானே ஓட்டிவந்தவர், எங்கள் தெருவில் கார் கொதித்ததும் தண்ணீர் கேட்டிருக்கிறார். யாரும் கொடுக்கவில்லை. பக்கத்திலேயே வாய்க்கால் நிறைய ஓடியும், குனிந்து மொள்ள மனமில்லாமல் அப்படியே பட்டறைவரை ஓட்டியிருக்கிறார்.

ஹெட்டைக் கழற்றி, கரி சுரண்டி, புது கேஸ்கெட் வைத்து முறுக்கி முடித்த அப்பா, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார். நடவுக்குப் போகாமல் வீட்டிலிருந்த அம்மா குடத்தோடு வந்தாள். மிராசுதாரை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காதவள், காலிக் குடத்தை அவர் காலடியில் வைத்தாள்.

"வாய்க்கா பின்னாலதாங்க ஓடுது. நீங்களே மொண்டாந்து ஊத்திக்கங்க."

மிராசுதார் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மிராசுதார் குடத்தைத் தூக்கினார். அதை இடுப்பில் வைப்பதா தோளில் வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.